தலையெழுத்தும் துண்டுச் சீட்டும்

“தலையெழுத்து!” — ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று கேட்டால், நம் நாட்டிலே நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் விடை இந்த ஒரு சொல்தான். எழுதியவன் எவன், எந்த மொழியிலே எழுதினான், எழுதியதைப் படித்துப் பார்த்தவர் யார் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. ஆனால், தோழர்களே, ஏழைத் தமிழனின் வாழ்வைக் கட்டிப்போட்ட எழுத்தொன்று வரலாற்றிலே மெய்யாகவே இருந்தது. அது தலையிலே எழுதப்பட்டதல்ல, தாளிலே எழுதப்பட்டது. எழுதியவன் பிரமனல்ல, தோட்டத்துத் துரை. அந்தத் தாளுக்குப் பெயர் ‘துண்டு’. அதன் கதையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இலங்கையிலே அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1844-ஆம் ஆண்டில். அதே காலத்திலேதான் கண்டிச் சீமையின் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பி நோயுற்று வீழ்ந்த பிறகு தேயிலை வந்தது. இரண்டுக்கும் உழைக்க நம் தமிழகத்திலிருந்து ஆட்கள் சென்றனர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் — வானம் பொய்த்த இடமெல்லாம் கங்காணி வந்து நின்றான். பண்ணையிலே பரம்பரை அடிமைகளாகக் கிடந்த தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையினராய் அவன் பின்னே நடந்தனர். ஊரிலே சாதி விலங்கு. அதை உடைத்தெறியலாம் என்று கடல் கடந்தனர். அங்கே காத்திருந்தது வேறொரு விலங்கு!

பீஜித் தீவுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்திலே கைந்நாட்டு வைத்துச் சென்றவர்கள். இலங்கைக்குப் போனவனுக்கு அத்தகைய ஒப்பந்தம் கிடையாது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் அவன் தோட்டத்தை விட்டு விலகலாம் என்றது சட்டம். “இவன் சுதந்திரத் தொழிலாளி!” என்று துரைமார் பெருமை பேசியதும் இதைக் காட்டித்தான். ஏட்டிலே சுதந்திரம், நாட்டிலே என்ன நடந்தது?

துரை பெரிய கங்காணியிடம் முன்பணம் கொடுப்பான். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பான். வழிச் செலவு, கப்பற் கட்டணம், அரிசி, கம்பளி — எல்லாம் தொழிலாளியின் பற்றிலே எழுதப்படும். தோட்டத்திலே கால் வைக்கும்போதே அவன் கடன்காரன்! கூலி கைக்கு வரும். வருமுன்பே கடனுக்குக் கழிக்கப்படும். கணக்கு எழுதுபவன் படித்தவன். கணக்குக்கு உரியவன் எழுத்தறியாதவன். போதாக்குறைக்கு, வேலைக்கு இறங்கும் ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் இருந்தால்தானே காசு? விட்டுவிட மனம் வருமா?

வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். “இந்தக் கங்காணியையும் இத்தனை ஆட்களையும், இத்தனை ரூபாய் கடனைச் செலுத்தினால் விடுவிக்கச் சம்மதம்” என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவான். ஆட்கள் அவனிடம் வந்து சேர்வர். கடன் தீர்ந்ததா? இல்லை! கடன்காரன்தான் மாறவில்லை, கடன் கொடுத்தவன் மட்டும் மாறினான். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்திலே, கங்காணி துண்டைக் கையிலே வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாய் ஏறி இறங்கினான். தொகை ஏறியது, ஏற்றத்தால் வந்த ஆதாயம் அவன் மடிக்கு, சுமை தொழிலாளியின் முதுகுக்கு. மாட்டுச் சந்தையிலே துண்டைப் போட்டு மறைத்து விரலால் விலை பேசுவர். இங்கே துண்டிலே எழுதியே மனிதனுக்கு விலை பேசினர்!

துண்டில்லாமல் ஓடினால்? முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவது குற்றம் என்றது 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டம். கூலி பறிபோகும், சிறை காத்திருக்கும். முதலாளியை விட்டு விலகியவன், திருடனைப் போல நீதிமன்றத்திலே நின்றான்.

இத்தனை உறுதியாய் நின்ற துண்டு எப்படி ஒழிந்தது? கதிர்காமத்துக்குக் காவடி எடுத்தா? அன்று! ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக இந்தியாவிலே எழுந்த கிளர்ச்சியால், 1920-இல் பீஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. இலங்கைக் கடன் சுமையைக் குறித்தும் கேள்விகள் எழுந்தன. ஏறிக்கொண்டே போன தொகையைக் கண்டு துரைமாரே அஞ்சத் தொடங்கினர். 1921-இல் இயற்றப்பட்ட சட்டம் துண்டு முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பல்லாயிரவர் தலையெழுத்து என்று நம்பியதை, ஒரு சட்டம் அழித்துவிட்டது! மனிதன் எழுதியதை மனிதனே அழித்தான்.

ஆயினும் சட்டம் வந்ததும் விடுதலை வந்துவிடவில்லை. குடியிருந்த லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரையையும் விட வேண்டும். உரிமை இன்னதென்று எடுத்துக் கூற ஆள் தேவைப்பட்டது. 1931-இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்ட கோ. நடேசய்யரும், மேடையிலே பாடிப் பாடி மக்களைத் தட்டியெழுப்பிய அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் அந்தப் பணியைச் செய்தனர்.

பழங்கதைதானே என்று ஏட்டை மூடிவிடலாமா? வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையைப் பாருங்கள். எந்த முதலாளியின் பெயரால் அனுமதி பெற்றுப் போனானோ, அவனுடைய ஒப்புதலின்றி வேலை மாற முடியாது என்பதே அதன் அடிப்படை. ‘ஓடிப்போனவன்’ என்று முதலாளி புகார் கொடுத்தால், தங்கும் உரிமையே பறிபோகும். துண்டின் பேரன் அல்லவா இது? உலகெங்கும் கண்டனக் குரல் எழுந்த பின்னர், 2020-இல் கத்தார் நாடு அந்த ஒப்புதல் கடிதம் தேவையில்லை என்று சட்டம் செய்தது. 2021-இல் சவூதி அரேபியா ஓரளவு தளர்த்தியபோது, வீட்டு வேலை செய்வோரை அந்தச் சலுகையிலே சேர்க்கவில்லை. யாருக்குக் குரல் இல்லையோ, அவருக்குச் சட்டமும் இல்லை!

கடலுக்கு அப்பால் பார்த்த கண்ணை நம் திருப்பூர்ப் பக்கமும் திருப்புவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றிலே ‘சுமங்கலித் திட்டம்’ என்றொன்று நடந்தது. மூன்றாண்டு உழைத்தால் முடிவிலே மொத்தத் தொகை. இடையிலே விலகினால் அது இல்லை. வரதட்சணை என்னும் கொடுமை ஏழைப் பெண்ணைத் துரத்த, தாலியைத் தூண்டிலாக்கி அவளை ஆலைக்குள் இழுத்தனர். அன்று முன்பணத்தால் கட்டினர்; இன்று பின்பணத்தால் கட்டினர். கட்டு ஒன்றுதான்! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் பனியன் கம்பெனிகளுக்கு வரும் தோழனிடம், முன்பணத்தைக் காட்டி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரன் எவனாயினும், அவன் கங்காணியின் வாரிசே.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: கடனையோ முன்பணத்தையோ காரணமாக்கி, வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஒருவரிடமிருந்து பறித்தால், அது கொத்தடிமைத்தனம். சட்டம் இருக்கிறது, அறிந்தவர் எத்தனை பேர்?

இளைஞர்களே! கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். “விலக நினைத்தால் விலக முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால், அவர் கையிலே கிடப்பது ஊதியமல்ல, விலங்கு. அண்டை வீட்டிலே தங்கியிருக்கும் வடபுலத்துத் தோழனிடமும், ஆலை விடுதியிலே இருக்கும் தங்கையிடமும், வளைகுடாவுக்குப் புறப்படும் அண்ணனிடமும் அந்தக் கேள்வியைக் கொண்டு செல்லுங்கள். அவர்கள் ஒப்பமிடும் தாளைப் படித்துக் காட்டுங்கள். தலையெழுத்தைப் படிக்க எவராலும் முடியாது. தாளில் உள்ள எழுத்தைப் படிக்க முடியும், மாற்றவும் முடியும்!