முதியவர்களிடம் நிதி சேர்க்கும்போது

பாடசாலைக் கட்டடத்துக்காக லண்டனில் வாழும் பழைய மாணவர்களிடம் நிதி சேர்க்கிறேன். ஒரு ஐயா இரண்டு தடவை பணம் அனுப்பிய பிறகும், "நான் இன்னும் ஒண்டும் தரேல்லையே தம்பி" என்றார்.

இங்கிலாந்தில் 2015இல் இறந்த ஒலிவ் குக் என்ற 92 வயது மூதாட்டியின் விபரங்கள் 99 தொண்டு நிறுவனங்களிடம் இருந்தமை பின்னர் தெரியவந்தது. 2016இல் நிதி சேகரிப்புக்கெனப் புதிய ஒழுங்குமுறை அமைப்பு உருவானது. முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாதவரிடம் நன்கொடை பெறக்கூடாது, பெற்றிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வயதை மட்டும் வைத்து ஒருவரை இயலாதவர் என்று கருதவும் கூடாது.

கொடுத்ததை மறப்பதும் கேட்டதையே திரும்பக் கேட்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அன்றே பணம் வாங்காமல் விபரத்தை எழுத்தில் அனுப்பலாம். அவர் சம்மதித்தால் பிள்ளைகளுடன் பேசலாம்.

இடம்பெயர்ந்த பலருக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் ஊர் மறப்பதில்லை. அந்த நினைவை வைத்துப் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது தொகையை நான் வாங்கவில்லை.