தற்காலிகக் கணக்கு ஒன்றின் நெடிய வாழ்வு: ஸ்காட்லாந்து தேசியமும் பிரித்தானியக் கருவூலமும்

1979 மார்ச் 28 அன்று இரவு, லண்டன் காமன்ஸ் அவையில் ஜேம்ஸ் காலகனின் தொழிற்கட்சி அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. எதிராக 311 வாக்குகள், ஆதரவாக 310. எதிர்த்து வாக்களித்தோருள் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் 11 உறுப்பினர்களும் அடங்குவர். கிறிஸ்துமஸ் விருந்தை முன்கூட்டியே நடத்தச் சொல்லி வாக்களிக்கும் வான்கோழிகள் என்று காலகன் அவர்களை எள்ளினார். எள்ளல் பலித்தது. மே மாதத் தேர்தலில் அவர்களின் 11 இடங்கள் 2 ஆகச் சுருங்கின.

இந்நிகழ்வைத் தாட்சர் வருகையின் முன்னுரையாக வாசிப்பதே வழக்கம். ஆனால் அந்த 11 பேர் ஆட்சியாளரை அச்சுறுத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் கருவூலம் போட்ட ஒரு கணக்கு, அவர்களும் அந்த அரசும் வீழ்ந்த பின்னரும் வீழவில்லை. பார்னெட் சூத்திரம் எனப்படும் அக்கணக்கின் வழியே, ஆட்சியில் அமராத ஒரு தேசியம் ஆட்சியின் நிதியை எவ்வாறு வளைத்தது, அந்த வெற்றியின் எல்லை எது என்பதை இங்கே காண முயல்கிறேன்.

ஸ்காட்லாந்துக்குத் தனிப் பங்கு என்ற எண்ணம் தேசியக் கட்சியோடு பிறந்ததன்று. அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கை பிரித்தானிய அரசியலைப் பிளந்துகொண்டிருந்த 1888இலேயே, நிதியமைச்சர் ஜார்ஜ் கோஷன் சில வரி வருவாய்களை இங்கிலாந்து-வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றுக்கு 80:11:9 என்ற விகிதத்தில் பிரித்தார். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகைப் பங்கு குறைந்த பின்னரும் அந்த விகிதம் நெடுங்காலம் ஓர் அளவுகோலாக நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்துத் துறை அமைச்சராக இருந்த டாம் ஜான்ஸ்டன், கோரியதைத் தராவிட்டால் வடக்கே தேசியம் தலைதூக்கும் என்று அமைச்சரவையை எச்சரித்தே பலவற்றைப் பெற்றார். 1934இல் தோன்றிய தேசியக் கட்சி அப்போது வலுவற்றது. ஆயினும் அதன் நிழல் அமைச்சரவை மேசைமீது விழுந்திருந்தது. தேசியத்தின் செல்வாக்கு அதன் இடங்களின் எண்ணிக்கையைவிட, அதைக் காட்டிப் பேரம் பேசியோரின் திறத்தால் வளர்ந்தது எனலாம்.

நிழல் உருவம் பெற்றது 1967இல். தொழிற்கட்சியின் கோட்டையான ஹாமில்டன் தொகுதி இடைத்தேர்தலில் தேசியக் கட்சியின் வின்னி யூயிங் வென்றார். அடுத்த ஆண்டே, கன்சர்வேடிவ் தலைவர் எட்வர்ட் ஹீத் பெர்த் நகரில் ஸ்காட்லாந்துக்கு ஓர் அவை வேண்டும் என்று அறிவித்தார். தொழிற்கட்சி அரசு 1969இல் அரசியலமைப்பு ஆணையம் ஒன்றை நிறுவியது. 1970இல் வடகடலில் ஃபார்ட்டீஸ் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டதும், எண்ணெய் ஸ்காட்லாந்துக்கே உரியது என்ற முழக்கம் எழுந்தது. 1974 பிப்ரவரித் தேர்தலில் 7 இடங்கள். அதே ஆண்டு அக்டோபரில் 11 இடங்களும் ஸ்காட்லாந்து வாக்குகளில் 30 விழுக்காடும். அத்தேர்தலில் தொழிற்கட்சிக்குக் கிடைத்த பெரும்பான்மையோ மூன்றே இடங்கள்.

இச்சூழலில் அரசு இரு வகையில் நடந்துகொண்டது. வெளிப்படையாகச் சலுகை அளித்தது: 1975இல் ஸ்காட்டிஷ் வளர்ச்சி முகமை உருவானது, அரசின் எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகம் கிளாஸ்கோவில் அமைந்தது, தன்னாட்சி அவைக்கான மசோதா வரையப்பட்டது. மறைவாக ஒன்றைப் பூட்டியும் வைத்தது. ஸ்காட்லாந்து அலுவலகத்தின் பொருளியலாளர் கேவின் மெக்ரோன் 1974இல் எழுதிய குறிப்பு, எண்ணெய் வருவாயுடன் கூடிய தனி ஸ்காட்லாந்துக்குப் பெரும் உபரியும் வலுவான நாணயமும் வாய்க்கும் எனக் கணித்தது. அது மக்கள் பார்வைக்கு வந்தது 2005இல்தான். உரிமை பற்றிய வாதம் கோப்புக்குள் அடங்க, சலுகை பற்றிய பேச்சு மட்டும் அவைக்கு வந்தது.

தன்னாட்சி அவை அமைந்தால் அதற்குப் பணம் தரும் முறை வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு துறைக்கும் பேரம் பேசுவது கருவூலத்துக்குத் தலைவலி. எனவே கருவூலத் தலைமைச் செயலர் என்ற பதவியிலிருந்த அமைச்சர் ஜோயல் பார்னெட்டின் காலத்தில் ஓர் எளிய விதி வகுக்கப்பட்டது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து ஆகியவற்றுக்கு விகிதம் 10:5:85. இங்கிலாந்தின் பள்ளிகளுக்கு 85 கோடி பவுண்டு கூட்டினால், ஸ்காட்லாந்தின் நிதித்தொகுப்பில் 10 கோடியும் வேல்ஸுக்கு 5 கோடியும் தாமாகச் சேரும். அத்தொகையை எதில் செலவிடுவது என்பது அவ்விடத்தாரின் முடிவு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சூத்திரம் கூடுதல் தொகையை மட்டுமே பிரிக்கும். ஏற்கெனவே உள்ள அடித்தொகையைத் தொடாது. கருவூலம் 1979இல் வெளியிட்ட தேவை ஆய்வு, இங்கிலாந்தை 100 எனக் கொண்டால் ஸ்காட்லாந்தின் தேவை 116, உண்மைச் செலவு 122 என்று மதிப்பிட்டது. கூடுதல் தொகை மக்கள்தொகைக்கு ஏற்பவே வருமானால், காலப்போக்கில் இந்த இடைவெளி கரைந்துவிட வேண்டும். வெட்டிக் குறைக்காமல் தேயவிடும் முறை இது. ஆனால் எதிர்பார்த்தபடி அது தேயவில்லை. ஸ்காட்லாந்தின் மக்கள்தொகைப் பங்கு குறைந்துவந்தபோதும் 1992 வரை விகிதம் திருத்தப்படவில்லை. சூத்திரத்துக்கு வெளியேயும் நிதி வழங்கப்பட்டது. தேசியத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற தயக்கம் ஒவ்வோர் அரசையும் தடுத்தது.

இந்திய மாணவர்க்கு ஓர் ஒப்பீடு உதவும். நம் மாநிலங்களின் நிதிப் பங்கை ஆராயும் நிதி ஆணையம் அரசியலமைப்பின் 280ஆம் பிரிவில் வேரூன்றியது. அதன் பரிந்துரைகளோடு நாம் முரண்படலாம். ஆனால் முரண்பட ஓர் அவை உண்டு. பார்னெட் சூத்திரத்துக்கோ சட்டத்தில் இடமில்லை. அது கருவூலத்தின் வழக்கம் மட்டுமே. 1980இல் பொதுநிதி ஆய்வாளர் டேவிட் ஹீல்ட் சூட்டும்வரை அதற்குப் பெயர்கூட இல்லை.

இனி 1979க்குத் திரும்புவோம். மார்ச் 1 பொது வாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் தன்னாட்சி அவையை ஆதரித்தனர். ஆனால் மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்ற திருத்தத்தை ஜார்ஜ் கன்னிங்ஹாம் என்ற தொழிற்கட்சி உறுப்பினரே சட்டத்தில் நுழைத்திருந்தார். கிடைத்தது 32.9 விழுக்காடு. அவை பிறக்கவில்லை, சினமுற்ற 11 பேர் அரசைக் கவிழ்த்தனர். பிறக்காத அவைக்கு உணவூட்ட வகுத்த சூத்திரமோ பழைய ஸ்காட்லாந்து அலுவலகத்துக்கே ஊட்டத் தொடங்கியது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அவை பிறந்தது. 1997 வாக்கெடுப்பில் 74.3 விழுக்காட்டினர் நாடாளுமன்றம் வேண்டும் என்றனர். 1999இல் அது எடின்பரோவில் கூடியது. இது தேசியத்தைச் சாகடித்துவிடும் என்று தொழிற்கட்சியின் ஜார்ஜ் ராபர்ட்சன் முன்னர் கணித்திருந்தார். 2007இல் 47 இடங்களுடன் அந்தத் தேசியமே அங்கு ஆட்சி அமைத்தது. 2014 செப்டம்பரில் விடுதலை வாக்கெடுப்பு நெருங்கியபோது, ஒரு கருத்துக்கணிப்பு பிரிவோர் முந்துவதாகக் காட்டியது. உடனே மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்களும் ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் கூட்டாக உறுதிமொழி அளித்தனர்; அதில் பார்னெட் முறை தொடரும் என்பதும் ஒன்று. அதே சூத்திரத்தை மாற்ற வேண்டும் என்று பார்னெட்டே பன்முறை வேண்டியிருந்தார். பிரபுக்கள் அவையின் குழுவும் 2009இல் பரிந்துரைத்திருந்தது. 44.7 விழுக்காட்டினர் பிரிவுக்கு வாக்களித்தனர். தேசியம் தோற்றது; ஆயினும் 2016 சட்டம் வருமான வரி விகிதங்களையும் அடுக்குகளையும் வகுக்கும் அதிகாரத்தை எடின்பரோவுக்கு வழங்கியது. 1979இல் நிகழ்ந்தது போலவே, தோல்விக்குப் பின்னும் பெற்றது நிலைத்தது.

ஆனால் எத்தகைய நிலைப்பு அது? மொழியியல் பயின்றவனாக ஒரு சொல்லைச் சுட்ட விரும்புகிறேன். டெவலூஷன் என்பதை நாம் அதிகாரப் பகிர்வு என்கிறோம். பகிர்வு என்றால் இருவரும் உரியவர் என்றாகும். மூலச் சொல்லின் இலத்தீன் வேரோ கீழ்நோக்கி உருட்டிவிடுதலைக் குறிப்பது. 1998 சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஸ்காட்லாந்துக்குச் சட்டமியற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின் அதிகாரம் குறையவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 2020இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் எடின்பரோவைக் கடந்தும் நேரடியாகச் செலவிடும் அதிகாரத்தை லண்டன் அமைச்சர்களுக்கு அளித்தது. லண்டனின் இசைவின்றி விடுதலை வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற எடின்பரோவுக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 தேர்தலில் தேசியக் கட்சி வெஸ்ட்மின்ஸ்டரில் 9 இடங்களுக்குச் சரிந்தது. சூத்திரம் அப்படியே இருக்கிறது. அச்சத்தால் அளிக்கப்படுவது அச்சம் உள்ளவரைதான் நிலைக்கும் என்பார்கள். பார்னெட் கணக்கு அதற்குப் பின்னும் நீடித்துவிட்டது. எனினும், நிலைத்திருக்கும் சலுகையும் உரிமை ஆகிவிடுவதில்லை. தேசியம் கேட்டது, யார் முடிவு செய்வது என்ற கேள்வியை. லண்டன் அளித்த விடை, எவ்வளவு என்ற கணக்கை. கேள்வி இன்னும் விடையின்றியே நிற்கிறது. கூட்டாட்சியை ஆராய்வோர் எந்த நாட்டின் நிதிப் பங்கீட்டை எடுத்தாலும், எவ்வளவு என்பதற்கு முன் யார் என்று கேட்பது நலம்.