வெளியூர் போகும் அம்மாக்கள் கவனத்துக்கு: பயணத்தில் தாய்ப்பாலை எடுத்து, கெடாமல் வீடு கொண்டுவருவது எப்படி?

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு பெண்ணுக்கு அலுவலகத்திலிருந்து மெயில் வருகிறது. "அடுத்த வாரம் கோவையில ரெண்டு நாள் ட்ரெயினிங், கண்டிப்பா வரணும்." அவர் இருப்பது சென்னையில். குழந்தைக்கு ஏழு மாதம். பாட்டி பார்த்துக்கொள்வார், டிக்கெட்டும் போட்டாச்சு. ஆனால் அந்த ரெண்டு நாளும் சுரக்கும் பாலை என்ன செய்வது?

"பாத்ரூம்ல பீய்ச்சிக் கொட்டிட்டு வந்துடு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. கொட்டத் தேவையில்லை. சரியான நேரத்தில் எடுத்து, சரியான குளிர்ச்சியில் வைத்தால் அந்தப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்து குழந்தைக்குக் கொடுக்கலாம். அதற்கு என்னென்ன தேவை, எங்கே கவனம் வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ரெண்டு நாள் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

குழந்தை பக்கத்தில் இல்லை என்பதற்காகப் பால் சுரப்பது நிற்காது. வெளியேறாத பால் மார்பில் தேங்கும். சில மணி நேரத்தில் மார்பு கனத்து, கல்லு மாதிரி ஆகி வலிக்கும். இதைத்தான் 'பால் கட்டிக்கிச்சு' என்கிறோம். அப்படியே விட்டால் வீக்கம், காய்ச்சல், நோய்த்தொற்று வரை போகலாம்.

இன்னொரு பிரச்னையும் இருக்கிறது. மார்பில் பால் தேங்கி நின்றால், 'இவ்வளவு தேவையில்லை' என்று உடல் எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கத் தொடங்கும். ஊரிலிருந்து திரும்பிய பிறகு "பால் வத்திப் போச்சு" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவுகளோடு 2 வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ட்ரெயினிங்குக்காக அது நடுவில் நின்றுபோக வேண்டியதில்லை.

எனவே எளிய விதி இதுதான்: வீட்டில் இருந்தால் குழந்தை எந்த நேரத்தில் குடிக்குமோ, கிட்டத்தட்ட அதே நேரத்தில் பாலை எடுக்க வேண்டும். சின்னக் குழந்தை என்றால் சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை.

கிளம்பும் முன் வீட்டில் என்ன செய்யணும்?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி அளவு குடிக்கும். 6 மாதம் கடந்து இட்லி, கஞ்சி என்று சாப்பிடத் தொடங்கிய குழந்தைக்கு இதைவிடக் குறைவாகத் தேவைப்படலாம். இந்த அளவை ஒரே நாளில் எடுக்க முடியாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் காலையில் குழந்தை குடித்த பிறகு கொஞ்சம் எடுத்து ஃப்ரீசரில் சேர்த்து வரலாம்.

ஒரு பையில் 60 முதல் 120 மில்லி போதும். உறையும்போது பால் விரிவடையும் என்பதால் பையை முழுசா நிரப்பக் கூடாது. தேதி எழுதி வைத்தால், பழைய பாலை முதலில் எடுத்துக் கொடுக்க வசதி.

குழந்தை பாட்டிலிலோ பாலாடையிலோ குடிக்கப் பழகியிருக்கிறதா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். அம்மா இருக்கும்போது மற்றவர் கொடுத்தால் சில குழந்தைகள் குடிக்காது. அதனால் அம்மா வெளியே போயிருக்கும் நேரத்தில் பாட்டியோ அப்பாவோ கொடுத்துப் பழக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாய்ப்பாலைப் பசும்பால் மாதிரி அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. மைக்ரோவேவும் கூடாது, ஓரிடத்தில் மட்டும் கொதித்துக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் பாட்டிலை வைத்தாலே போதும்.

எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் தரும் கணக்கு இது:

• அறை வெப்பத்தில் (25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ்): 4 மணி நேரம் வரை
• ஐஸ் பேக் வைத்த கூலர் பையில்: 24 மணி நேரம் வரை
• ஃப்ரிட்ஜில் (4 டிகிரி): 4 நாள் வரை
• ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி): 6 மாதம் வரை நல்லது, அதிகபட்சம் 12 மாதம்
• ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து உருகிய பால்: முழுசா உருகியதிலிருந்து 24 மணி நேரம். மறுபடி உறைய வைக்கக் கூடாது
• குழந்தை குடித்து மிச்சம் வைத்த பால்: 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும்

இதில் முதல் வரியைக் கவனிக்க வேண்டும். 25 டிகிரி என்பது ஏசி அறையின் வெப்பம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத பஸ்ஸிலோ, ரயில் பெட்டியிலோ 35 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே '4 மணி நேரம் தாங்கும்' என்று நம்பிக் கைப்பையில் வைத்திருக்கக் கூடாது. எடுத்த உடனே குளிர்ச்சிக்குள் போய்விட வேண்டும். பயணத்தில் பால் கெடுவதற்கு முக்கியக் காரணமே இந்த இடைப்பட்ட நேரம்தான்.

பையில் என்னென்ன இருக்கணும்?

• பம்ப், அதன் சார்ஜர், பவர் பேங்க்
• கையால் இயக்கும் சின்ன பம்ப் ஒன்று. கரண்ட் இல்லை, சார்ஜ் தீர்ந்தது என்றால் இதுதான் கை கொடுக்கும்
• சேமிப்புப் பைகள், ஒரு மார்க்கர் பேனா
• கூலர் பை, முழுசா உறைந்த ஜெல் ஐஸ் பேக்குகள்
• பம்ப் பாகங்களைக் கழுவ மட்டும் ஒரு சின்ன டப்பா, பிரஷ், சோப்பு
• தோளோடு போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டா அல்லது சால்வை

ஐஸ் பேக்குகள் பால் பைகளை ஒட்டியே இருக்க வேண்டும். தடுப்பூசி எடுத்துப்போகும் பெட்டியில் சுற்றிலும் ஐஸ் வைப்பார்களே, அதே முறைதான். பையை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. சூடு ஆறாத புதுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு கலக்காமல் தனிப் பையில் வைக்க வேண்டும்.

பம்பே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். கையை நன்றாகக் கழுவிவிட்டு, கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, கருவளையத்தைச் சுற்றிப் பின்பக்கமாக அழுத்தி மெதுவாக விட்டால் பால் வரும். முதலில் நேரம் பிடிக்கும், பழகினால் எளிது.

எங்கே உட்கார்ந்து எடுப்பது?

பல அம்மாக்களுக்குப் பம்பை விடப் பெரிய கவலை இந்த இடம்தான். ரயில் கழிவறையில் நின்றுகொண்டு எடுப்பது சுத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பதற்றமாக இருந்தால் பால் இறங்குவதும் தாமதமாகும்.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. விமான நிலையங்கள், பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றிலும் இப்படி அறைகள் உள்ளன. குழந்தை கூட இல்லாவிட்டாலும் பால் எடுப்பதற்கு அந்த அறையைக் கேட்கத் தயங்க வேண்டாம். அறை பூட்டியிருந்தால் நிலைய அலுவலரிடம் சாவி கேட்கலாம். உள்ளே பிளக் பாயின்ட் இருக்கும் என்று நம்பாமல் பம்பை முன்பே சார்ஜ் போட்டுக்கொள்வது நல்லது.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தில் தலையிட்டது. பொது இடங்களில் பாலூட்டும் அறை, குழந்தைகள் காப்பக வசதி ஆகியவற்றுக்கு மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்று கூறியது. பொது இடத்தில் பாலூட்டும் பெண்ணைக் களங்கப்படுத்தக் கூடாது என்பதையும் நீதிமன்றம் நினைவூட்டியது.

ரயிலில் போவதாக இருந்தால் ஜன்னலோர இருக்கை, மேலே போர்த்த ஒரு சால்வை, பக்கத்தில் கூட வருபவர் அல்லது ஒரு பெண் பயணி இருந்தால் இருக்கையிலேயே எடுக்கலாம். சத்தம் குறைவான பம்ப் இதற்கு வசதி. பஸ் என்றால் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய உடனும் எடுப்பதுபோல நேரத்தைத் திட்டமிடலாம்.

ஹோட்டலில் தங்கும்போது

அறையில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் பல நேரம் தண்ணீரைக் குளிர்விக்கும் அளவுக்குத்தான் இருக்கும். 4 டிகிரிக்கு வராது. அதில் ஃப்ரீசரும் பெரும்பாலும் இருக்காது. அதனால் அறை எடுக்கும்போதே, "ஐஸ் பேக்கை ராத்திரி கிச்சன் ஃப்ரீசர்ல வெச்சுத் தருவீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். பையின் மேல் பெயர், அறை எண் எழுதிக் கொடுத்தால் மாறிப்போகாது. காலையில் கிளம்பும்போது திரும்ப வாங்க மறக்கக் கூடாது.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி உண்டு. தாய்ப்பாலுக்குப் பல நாடுகளில் இதிலிருந்து விலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தை கூட வராவிட்டாலும் 100 மில்லிக்கு மேல் தாய்ப்பால் கொண்டுபோகலாம். பிரிட்டனிலும் குழந்தை இல்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் உறைந்த பாலைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் போகும் ஊர், திரும்பும் ஊர் இரண்டின் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனை இடத்தில் "இது தாய்ப்பால், இது பம்ப்" என்று முதலிலேயே சொல்லி, தனி ட்ரேயில் வைத்தால் நேரம் மிச்சம். எக்ஸ்ரே சோதனையால் பால் கெடாது. பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது.

சுத்தம் எப்படி?

பால் எடுக்கும் முன் கை கழுவ வேண்டும். எடுத்து முடித்ததும் பால் பட்ட பாகங்களைத் தனி டப்பாவில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காற்றில் உலர விட வேண்டும். பொது வாஷ்பேசினுக்குள் நேரடியாகப் போட்டுக் கழுவக் கூடாது. குழந்தைக்கு 2 மாதம் ஆகவில்லை அல்லது குறைமாதத்தில் பிறந்தது என்றால், பாகங்களைத் தினமும் 5 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுப்பது அவசியம்.

பால் மேலே ஆடை மாதிரி பிரிந்திருந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. கொழுப்பு மேலே மிதக்கிறது, அவ்வளவுதான். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். புளித்த வாடை அடித்தாலோ, ஐஸ் பேக் எப்போதோ உருகி பால் வெதுவெதுப்பாக இருந்தாலோ கொடுக்கக் கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

மார்பில் ஓரிடம் சிவந்து, தொட்டால் சுட்டு, அதோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் 'ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. அந்த ஊரிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் கவனம் தேவை. சூடோஎபிட்ரின் கலந்தவை பால் சுரப்பைக் குறைக்கலாம்.

அலுவலகத்திடம் என்ன கேட்கலாம்?

சட்டப்படி, வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாத வயது வரை, வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடுதலாகத் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வெளியூர் பயிற்சி என்றாலும் அட்டவணையில் இரண்டு இடைவேளை, பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு ஃப்ரிட்ஜ் ஆகிய மூன்றையும் கிளம்பும் முன்பே மெயிலில் கேட்டுவிடலாம். போய் இறங்கிய பிறகு கேட்டால் கழிவறையைத்தான் காட்டுவார்கள்.