மொரிஸ் மைனரும் ஒரிஜினல் பாகமும்

மாத்தளை திருகோணமலை வீதியில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் வாடகைக்கு ஓடிய காலத்தை என் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். 1948இல் அறிமுகமான மைனரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே பிரித்தானியாவில் நின்றுவிட்டது. இங்கேயோ அது பல தசாப்தங்கள் உழைத்தது.

காரின் உறுதி மட்டும் இதற்குக் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி வற்றியதால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970-77 ஆட்சியில் அப்பிடி மேலும் இறுகியது. புதிய கார் வராத நாட்டில் பழைய காரே சொத்து. ஒரிஜினல் பாகம் கிடைக்காதபோது லேத் பட்டறைக்காரரே அதைக் கடைந்து கொடுத்தார். அந்தக் கைத்திறன் வீண்போகவில்லை. 1990களில் மைனரின் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின!

1977இல் திறந்த பொருளாதாரம் பாகங்களைக் கொண்டுவந்தது. ஆனால் அதே ஆண்டில் டொலர் ஒன்று ஏறத்தாழ 16 ரூபாவானது. அன்றுதொட்டு ஒரிஜினல் பாகத்தின் விலைச்சிட்டை, ரூபாவின் வீழ்ச்சி வரலாறாகவே இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில வாரங்களில் 360ஐத் தொட்டது. 2025இல் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோதும், வரிச்சுமையால் புதிய கார் எட்டாக்கனியே. எனவே பழைய ஜப்பானியக் காரை நம்பிப் பிழைப்பவர், ஒரிஜினலா, ரீகண்டிஷனா, போலியா என்று கணக்குப் பார்க்கிறார். பிரேக் பாகத்தில் அவர் மிச்சம்பிடிக்கும் பணத்துக்குப் பிணையாக நிற்பது பயணியின் உயிர். இதை நிதியமைச்சின் கணக்கேடுகள் காட்டுவதில்லை.