ப்ராக்கலி நாற்றும் 98 குழித்தட்டும்

ஓசூர்ல கோடு எழுதுறவனுக்கு ப்ராக்கலியோட வரலாறு எதுக்கு? ஜன்னலோரமா நாற்று விடுறோம், அதோட பூர்வீகம் தெரிய வேணாமா :-)

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ராக்கலி எல்லாமே ஒரே காட்டுச் செடியின் வாரிசுகள். ப்ராக்கலியை வளர்த்தெடுத்தது இத்தாலி. காலிஃபிளவர் 1822-லேயே சஹாரன்பூர் தோட்டத்துக்கு வந்துவிட்டது. முட்டைக்கோஸ் ஊட்டிப் பக்கம் வேர்பிடித்து நம்ம சந்தையில் 'இங்கிலீஷ் காய்' ஆனது. ப்ராக்கலிதான் லேட். பூசா கேடிஎஸ்-1 ரகம் இமாச்சலத்துக் கட்ராயினில் இருந்து வெளியானது 1996-ல்.

ஓசூருக்கு இது ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், பக்கத்திலேயே பெங்களூர் சந்தை, தளி, கெலமங்கலம் பக்கம் கோஸ் போட்டுப் பழகிய கைகள்.

ஆனா நிஜமான மாற்றம் நாற்றங்கால்ல நடந்தது. முன்னெல்லாம் விவசாயியே மேட்டுப்பாத்தியில் விதை தூவி, வைக்கோல் மூடி, பூவாளியால் தண்ணி தெளிப்பார். மழை பிடிச்சா நாற்றழுகல் வந்து பாதி போயிடும். வீரிய ஒட்டு ரகம் வந்ததும் ஒவ்வொரு விதையும் காசு. அதனால 98 குழித்தட்டு, தென்னைநார்க் கழிவு, நிழல்வலைக் குடில். 25 நாள்ல வேர் கலையாம எடுத்து நடலாம். நாற்று வளர்ப்பு தனித் தொழிலாச்சு. இப்ப நிறைய பேர் ஆர்டர் கொடுத்து வாங்குறாங்க.

லாபம்தான், மறுக்கல. ஆனா மண்ணைத் தொட்டே ஈரம் சொல்ற கைப்பக்குவம் நர்சரிக்காரங்ககிட்ட போயிடுச்சு.

அது கொஞ்சம் மிச்சமிருக்கறது வீட்டுத்தோட்டத்துல. ஐப்பசியில ஒரு தட்டு போட்டுப் பாருங்க. முளைச்ச அன்னைக்கே வெளிச்சத்துக்கு நகர்த்திடுங்க. இல்லேன்னா நெடுநெடுன்னு வளர்ந்து சாஞ்சிடும்.