குடும்ப வன்முறை: ஊவாத் தோட்டங்கள்

குடும்ப வன்முறை என்பது நெருங்கிய உறவினர் இழைக்கும் உடல், மனக் கொடுமை. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டுக்கு வெளியே நடப்பதையும் இதில் சேர்க்கிறது.

ஊவாவின் பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு காம்பிராவின் (அறையின்) அலறல் அடுத்த காம்பிராவுக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனாலும் "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்த ஒதுங்கல் பெரும் கேடு. அடி மட்டுமே அடையாளம் அல்ல: நாளெல்லாம் கொழுந்து பறித்தவளின் சம்பளத்தை அப்படியே வாங்கிக்கொள்வது, அடையாள அட்டையை ஒளித்துவைப்பது, தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது, பிள்ளைகள் முன்னால் ஓயாமல் இழிவுபடுத்துவது எல்லாமே எச்சரிக்கைதான். இலங்கையில் ஐந்தில் ஒரு பெண் கணவனாலோ துணைவனாலோ உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது.

குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வெளியேறினால் எங்கே போவது என்ற பயம் நியாயமானது. அதனால்தான் அந்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை முக்கியமாகிறது. கொடுமை செய்பவர் வீட்டுக்குள் வராதபடி நீதவான் நீதிமன்றம் தடுக்கலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை உண்டு. முழுக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம்.

அரசின் பெண்கள் உதவி இலக்கம் 1938. 1987இல் தொடங்கிய 'விமென் இன் நீட்' அமைப்பு பதுளையிலும் ஆலோசனையும் சட்ட உதவியும் தருகிறது. அரச மருத்துவமனைகள் பலவற்றில் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் 'மிதுரு பியச' நிலையங்கள் உள்ளன. வீட்டைவிட்டுப் புறப்பட நேர்ந்தால், அதற்குமுன் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்துத் துண்டு ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.