கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லை... விமானங்கள் மோதாமல் இருப்பது எப்படி?

சாங்கியிலோ கேஎல்ஐஏவிலோ விமானம் ஏறும்போது உயரமான கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

எந்த விமானம் எப்போது இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்பதை அங்கிருக்கும் அதிகாரிகள்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கோபுரமே இல்லாவிட்டால்?

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் கோபுரம் உள்ளவை ஏறக்குறைய 500தான். மற்ற இடங்களில் விமானிகள்தான் தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

விமானிகள் என்ன செய்வார்கள்?

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பொது வானொலி அலைவரிசை உண்டு. இறங்க வரும் விமானி சுமார் 10 மைல் தூரத்திலிருந்தே அதில் பேசத் தொடங்கவேண்டும் என்பது பரிந்துரை. அவர் சொல்ல வேண்டியவை:

• எந்த விமான நிலையம்
• எந்த விமானம்
• இப்போது எங்கே இருக்கிறது
• அடுத்து என்ன செய்யப்போகிறது
• மீண்டும் விமான நிலையத்தின் பெயர்

பெயரை ஏன் இரண்டு முறை சொல்லணும்? பக்கத்து ஊர் நிலையங்களும் அதே அலைவரிசையைப் பயன்படுத்தலாம். முதலில் கேட்காமல் விட்டவருக்கு, கடைசியில் கேட்கும் பெயர் உதவும்.

பறக்கும் பாதைக்கும் ஒழுங்கு உண்டு. பொதுவாகத் தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பி, ஓடுபாதையைச் செவ்வக வடிவில் சுற்றிவந்து இறங்குவார்கள். எல்லாரும் ஒரே வழியில் வந்தால் யாரை எங்கே தேடுவது என்பது தெரியும், இல்லையா?

இறங்கும் கட்டத்தில் இருக்கும் விமானத்துக்கே முன்னுரிமை. தரையில் இருப்பவர் காத்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே?

1996 நவம்பர் 19. இலினோய் மாநிலத்தின் குவின்சி விமான நிலையம். பொழுது சாயும் நேரம்.

யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 என்ற சிறிய பயணிகள் விமானம் இறங்க வருகிறது. அதில் 12 பேர். அது இறங்கவேண்டிய ஓடுபாதையை இன்னோர் ஓடுபாதை குறுக்கே வெட்டுகிறது. அங்கே 'கிங் ஏர்' விமானம் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. அதற்குப் பின்னால் 'செரோக்கி' என்ற இன்னும் சிறிய விமானம்.

இறங்க வந்த விமானி அலைவரிசையில் கேட்கிறார்: ஓடுபாதையில் நிற்கும் விமானம் காத்திருக்குமா, புறப்படுமா?

பதில் வந்தது. ஆனால் பேசியது கிங் ஏர் அல்ல, பின்னால் நின்ற செரோக்கி. அந்த நேரம் பார்த்து விமானி அறைக்குள் ஓர் எச்சரிக்கைக் குரல் ஒலிக்க, பதிலின் ஒரு பகுதி கேட்கவில்லை. கிங் ஏர்தான் காத்திருப்பதாகச் சொல்கிறது என்று நினைத்து அவர்கள் இறங்கினார்கள்.

அதே நேரத்தில் கிங் ஏர் புறப்பட ஓடத் தொடங்கியது. இரண்டும் ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதின.

பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் உயிர்பிழைத்தார்கள். ஆனால் கதவு திறக்கவில்லை. ஓடிவந்து உதவியவர்களாலும் திறக்க முடியவில்லை. தீ பரவியது. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் மாண்டனர்.

கிங் ஏர் விமானிகள் அலைவரிசையைக் கவனமாகக் கேட்காததும் சுற்றிலும் சரியாகப் பார்க்காததுமே காரணம் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பதிலும் ஒரு காரணம். கதவு திறக்காததும் போதிய தீயணைப்பு வசதி இல்லாததும் உயிரிழப்பை மோசமாக்கின.

எல்லாரும் பேசினால் போதுமா?

போதாது. 2022 ஆகஸ்ட் 18இல் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில் இரு விமானங்களும் அலைவரிசையில் பேசிக்கொண்டுதான் இருந்தன.

ஒன்று, சுற்றுப்பாதையில் வந்த சின்ன 'செஸ்னா 152'. மற்றது, சுற்றாமல் தொலைவிலிருந்து நேராக, மிக வேகமாக வந்த இரட்டை இயந்திர 'செஸ்னா 340'. பின்னால் வருவதன் வேகத்தைக் கண்ட சின்ன விமானத்தின் விமானி, இறங்காமல் மேலே போவதாக அறிவித்தார். ஆனாலும் இரண்டும் மோதின. மூவர் உயிரிழந்தனர்.

நேராக வந்தவர் மற்ற விமானத்தைப் பார்த்து விலகத் தவறியதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

அலைவரிசை அமைதியாக இருந்தால்?

யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் இத்தகைய பல நிலையங்களில் வானொலிக் கருவி கட்டாயமே இல்லை. மின்வசதியே இல்லாத பழைய விமானங்களும் பறக்கின்றன. சிலர் தவறான அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கலாம்.

"இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா, சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதையும் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். முன்கூட்டியே வந்து கேட்பதும், தன் இடத்தைத் தெளிவாகச் சொல்வதும், கண்ணால் தேடுவதும்தான் வழி.

நீங்கள் பயணியாக இருந்தால்?

வெளிநாட்டுப் பயணத்தில் சுற்றிப்பார்க்கச் சின்ன விமானத்தில் ஏறும் வாய்ப்பு வரலாம். அப்போது இரண்டை மட்டும் மறக்காதீர்கள்:

• புறப்படும்போதும் இறங்கும்போதும் விமானியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். செல்ஃபி பிறகு எடுக்கலாம்.
• வேறு விமானம் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள். "அவர் பார்த்திருப்பார்" என்று சும்மா இருக்கவேண்டாம்.

கோபுரம் இல்லாத இடத்தில் கூடுதலாக இரண்டு கண்கள் இருப்பது எந்த விமானிக்கும் உதவிதான்.